பண்புசார் ஆய்வுக்கு கூகுள் ஃபார்மா, நேர்காணலா, குழு விவாதமா?

"பயிற்சி வகுப்பைப் பாதியில் விட்டதற்குக் காரணம் என்ன?" என்று ஒரு ஃபார்மில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே சொல்தான் பதிலாக வரும்: நேரமின்மை. நாற்பது பேர் எழுதி அனுப்பினாலும் ஆய்வாளர் கையில் மிஞ்சுவது நாற்பது தடவை எழுதப்பட்ட ஒரு சொல். நேரில் கேட்டாலும் முதல் பதில் "டைம் இல்லீங்க" என்பதுதான். ஆனால் நேரில் என்றால் அத்தோடு விட வேண்டியதில்லை. "சரி, கடைசியா போகாம விட்டீங்களே, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று தொடரலாம். "அதுக்கு முந்தின வகுப்புல எல்லார் முன்னாடியும் எழுந்து பேசச் சொன்னாங்க. எனக்கு வாயே வரல. அப்புறம் போகவே மனசில்ல" என்று ஒருவர் சொல்லும்போது, நேரமின்மை என்ற சொல் எதை மூடி வைத்திருந்தது என்று தெரிகிறது.

எத்தனை பேர் என்று எண்ணாமல், ஏன், எப்படி என்று தேடுவது பண்புசார் ஆய்வு. அதில் இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு முறையில் இடம் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாதி வரையறுத்த நேர்காணல், அதாவது முதன்மைக் கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, வரும் பதிலைப் பொறுத்து மேலும் துருவிக் கேட்பது. மற்ற முறைகள் அதை முந்துகிற இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

எளிதில் தீர்கிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். "முற்றிலும் ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டம் வைத்துக் கேட்பது அளவுசார் சர்வே. எத்தனை பேர் என்பதற்கு அது விடை சொல்லும், ஏன் என்பதற்குச் சொல்லாது. கடைசியில் "மற்றவை" என்று ஒரு கட்டம் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த பிறகு, அங்கே கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம், வாக்களிக்கும்போது எந்தப் பிரச்சினை முக்கியமாகப் பட்டது என்பதை இரண்டு விதமாகக் கேட்டது. ஐந்து பிரச்சினைகளைப் படித்துக் காட்டிக் கேட்டபோது 58 சதவீதம் பேர் பொருளாதாரம் என்றார்கள். பட்டியல் இல்லாமல் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம்தான். பட்டியல் இல்லாமல் பதில் சொன்னவர்களில் 43 சதவீதம் பேர் அந்த ஐந்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். பட்டியலைக் கேட்டவர்களில் அதைத் தாண்டிப் போனவர்கள் 8 சதவீதம். நாம் நீட்டுகிற பட்டியலுக்குள்தான் பெரும்பாலோர் யோசிப்பார்கள். "மற்றவை" கட்டம் அதைப் பெரிதாக மாற்றாது.

ஆக, உண்மையான போட்டி திறந்த கேள்விகள் மட்டும் உள்ள கேள்வித்தாளுக்கும் நேர்காணலுக்கும் இடையில்தான். கேள்வித்தாளை மட்டம் தட்டுவது இப்போது ஃபேஷன். அது நியாயமில்லை. வெட்கம், பயம், சட்டச் சிக்கல் கலந்த விஷயங்களில் முகம் தெரியாத ஃபார்மில் எழுதுகிற அளவுக்கு மனிதர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். பல ஊர்களில் சிதறிக் கிடப்பவர்களை, இரவு இரண்டு மணிக்குத்தான் ஓய்வு கிடைப்பவர்களை, பேசுவதைவிட எழுதுவது வசதியாக இருப்பவர்களை வேறு வழியில் எட்டுவது கடினம். கேட்பவரின் முகபாவம் பதிலை வளைக்கிற ஆபத்தும் இல்லை.

அதைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். திறந்த கேள்விகள் நான்கு, மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் போனால் கடைசிக் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல் பதில்தான் வரும். வயது, படிப்பு போன்ற கட்டம் போடும் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் வைத்தால், கட்டம் போடுகிற மனநிலையிலேயே மீதியையும் முடித்துவிடுவார்கள். விடைப் பெட்டியின் அளவே ஒரு குறிப்பு: ஒரு வரிப் பெட்டிக்கு ஒரு வரிதான் கிடைக்கும். "பயிற்சியும் ஆசிரியரும் எப்படி இருந்தார்கள்?" என்று இரண்டை ஒரே கேள்வியில் முடிச்சுப் போடாதீர்கள். "கருத்து என்ன?" என்பதை விட "அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை, யாரிடமோ சொல்வதுபோல எழுதுங்கள்" என்பது நீளமான பதிலைத் தரக்கூடும். எல்லாக் கேள்விக்கும் கட்டாயம் என்ற சிவப்பு நட்சத்திரக் குறியை வைக்காதீர்கள். வைத்தால் ஒரு முற்றுப்புள்ளி, ஒரு "இல்லை", சில இடங்களில் வெறும் "அஅஅ" என்று வந்து சேரும்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. எழுதச் சொன்னதும் நம்மவர்கள் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். "முடியல, வெறுத்துப் போச்சு" என்று பேசுகிற அதே மனிதர் ஃபார்மில் "சில இடர்ப்பாடுகள் காரணமாக இயலவில்லை" என்று எழுதுவார். விண்ணப்பம் எழுதிப் பழகிய கை அது. அந்த மாற்றத்தில் கோபம், கூச்சம், கிண்டல் எல்லாம் உதிர்ந்துவிடும். பண்புசார் ஆய்வுக்கு வேண்டியது அவைதான். போதாக்குறைக்கு, ஒரே ஃபார்மில் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலும், ஆங்கிலத்திலுமாகப் பதில்கள் வரும். கோடிங் (பதில்களைக் கருத்துவாரியாகப் பிரித்துக் குறியிடுவது) தொடங்கும் முன் அவற்றை ஒரே எழுத்துக்குக் கொண்டுவரவே ஒரு நாள் போகும். "பேசுவதுபோலவே எழுதலாம்" என்று ஃபார்மின் முகப்பில் ஒரு வரியும், மாதிரிக்கு வேறு தலைப்பில் பேச்சுத் தமிழில் ஒரு பதிலும் வைத்தால் ஓரளவு சரியாகும். முழுதாகச் சரியாகாது.

இனி நேர்காணல். கையில் எட்டு முதல் பத்து முதன்மைக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று துருவல் கேள்விகள். வரிசை மாறலாம், ஒரு கேள்வியும் விடுபடக் கூடாது. நீளம் 45 முதல் 60 நிமிடம். துருவலில் "ஏன்?" என்ற சொல்லை முடிந்தவரை தவிருங்கள். ஏன் என்றாலே குற்றம்சாட்டுவதுபோலக் கேட்கும், எதிரில் இருப்பவர் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். "கடைசியா எப்போ அப்படி ஆச்சு?", "அப்போ யார் கூட இருந்தாங்க?", "கஷ்டம்னு சொன்னீங்களே, எந்த மாதிரி?" இவை வேலை செய்யும். அவர் சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்பது எல்லாவற்றையும் விட எளிது: "மனசில்ல?" அவ்வளவுதான். அதன் பிறகு நான்கைந்து நொடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். புதிதாக நேர்காணல் எடுப்பவர்கள் தோற்பது இங்கேதான். மௌனம் தாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள், அல்லது "கூச்சமா இருந்திருக்கும், இல்லையா?" என்று விடையைத் தாங்களே ஊட்டிவிடுவார்கள். அப்படி ஊட்டி வாங்கிய "ஆமா" ஆதாரமாகாது. கோடிங்கில் அதை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் இரண்டு நேர்காணல்களை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, உடனே எழுத்தாக்கிப் பார்த்து, பதில் வராத கேள்விகளை மாற்றுங்கள். பத்தையும் எடுத்து முடித்த பிறகு ஒலிப்பதிவைத் திறந்தால், ஒரே தவறு பத்து தடவை பதிவாகியிருக்கும். இரண்டு கருவியில் பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் பதிவு செய்தால் அதை ஃபிளைட் மோடில் போடுங்கள். பாதியில் அழைப்பு வந்தால் சில செயலிகள் பதிவை நிறுத்திவிடும். முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுங்கி உட்கார்ந்து களக்குறிப்பு எழுதிவிடுங்கள். ரெக்கார்டரை அணைத்த பிறகு வாசலில் நின்று சொல்வதுதான் சில நேரம் முக்கியமான பேச்சாக இருக்கும். ஆனால் அவர் சம்மதித்தது பதிவுக்கு. வாசலில் சொன்னதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

எத்தனை பேர் போதும்? கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் 12இலேயே கருத்துக் குறியீடுகளில் பெரும்பகுதி கிடைத்துவிட்டதாகச் சொன்னது. அன்றிலிருந்து 12 என்பது மந்திர எண் ஆகிவிட்டது. பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான குழு, கேள்வி குறுகியது, எல்லாரிடமும் ஒரே கேள்விகள் என்ற மூன்று நிபந்தனைகளின் கீழ் வந்த எண் அது. உங்கள் ஆய்வில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்று மூன்று தரப்பு இருந்தால் மொத்தம் 12 போதாது. ஒவ்வொரு தரப்பிலும் எட்டிலிருந்து பத்து வரை திட்டமிட்டு, கடைசி இரண்டில் புதிதாக எதுவும் வராவிட்டால் நிறுத்தலாம்.

நேர்காணலின் உண்மையான விலை எழுத்தாக்கத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணி நேரம். 50 நிமிடம் வீதம் 12 நேர்காணல் என்றால் பத்து மணி நேர ஒலி, 40 முதல் 60 மணி நேர வேலை. கோடிங் இதில் சேரவில்லை. "அதற்குப் பதில் நூறு பேருக்கு ஃபார்ம் அனுப்பிவிடலாமே" என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குப் போடுங்கள்: நான்கு கேள்வி, கேள்விக்கு 30 சொல், நூறு பேர் என்றால் 12,000 சொல். பார்க்கப் பெரிது, ஆனால் ஓர் ஆளுக்கு 120 சொல்தான். 50 நிமிட நேர்காணல் ஒன்றே நாலாயிரம், ஐயாயிரம் சொற்களைத் தரும். மூன்றே பேரிடம் அந்த 12,000 வந்துவிடும், அதுவும் காரண காரியத் தொடர்ச்சியோடு. தானியங்கி எழுத்தாக்கத்தை நம்பலாமா என்றால், வட்டார வழக்கும் ஆங்கிலக் கலப்பும் உள்ள பேச்சுக்கு அதை வரைவாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பத்து நிமிடத் துண்டு ஒன்றைக் கையாலும் தட்டி ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஒலிப்பதிவை இணையச் சேவை ஒன்றில் ஏற்றப்போகிறீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பேச்சுத் தமிழைத் திருத்தி எழுத்துத் தமிழாக்காதீர்கள். ஃபார்மில் இழந்ததை இங்கேயும் இழக்க வேண்டாம்.

வீடியோ அழைப்பில் எடுப்பது நேரில் எடுப்பதற்குச் சமமா என்பதில் என் கருத்து அவ்வளவு உறுதியானதல்ல. பயணம் மிச்சம். ஆனால் பக்கத்து அறையில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

குழு விவாதத்தை நேர்காணலின் மலிவுப் பதிப்பாக நினைப்பவர்கள் அதிகம். எட்டுப் பேர், 90 நிமிடம்: நடத்துநர் பேசும் நேரத்தைக் கழித்தால் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. தனி அனுபவத்துக்கு அது போதாது. ஒரு விஷயத்தைப் பற்றி அந்தக் குழுவில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, யார் யாரை மறுக்கலாம் என்பது தெரிய வேண்டுமென்றால் அதைவிட நல்ல கருவி இல்லை. ஒருவர் பேச்சைப் பிடித்துக்கொள்வதும் மற்றவர்கள் தலையாட்டுவதும் எப்போதும் இருக்கும் ஆபத்து. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், கண்முன்னே தெரிகிற கோட்டின் நீளத்தைக்கூட, கூட இருந்தவர்கள் ஒருமித்துத் தவறாகச் சொன்னபோது, சுமார் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: பேச்சு தொடங்கும் முன் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, இரண்டு நிமிடம் தங்கள் பதிலை எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டவர் அவ்வளவு எளிதில் மாறமாட்டார். மேலதிகாரியையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும். நடத்துநரைத் தவிர இன்னொருவர், யார் பேசினார் என்பதையும் அவருடைய முதல் இரண்டு சொற்களையும் வரிசையாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் ஒலிப்பதிவில் எட்டுக் குரல்களைப் பிரிக்க முடியாது.

அவதானிப்புக்கு நான் கொடுத்திருக்கும் இடம் குறைவு, அதன் தகுதி குறைவானதல்ல. சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்குப் பழைய சான்று சமூகவியலாளர் லாப்பியரின் ஆய்வு. ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவில் பயணம் செய்து, 1934இல் அதை வெளியிட்டார். 251 விடுதிகள், உணவகங்களில் ஒரே ஓர் இடம்தான் அவர்களை ஏற்க மறுத்தது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் அனுப்பி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது பதில் அனுப்பிய 128இல் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றன. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்ற ஆட்சேபமும் பழையதுதான். நேர்காணலும் இந்தக் குறையிலிருந்து தப்பாது. அதுவும் சொல்வதைத்தான் பதிவு செய்கிறது. உங்கள் கேள்வி நடத்தையைப் பற்றியது என்றால், நேர்காணலுக்கு முன் இரண்டு நாளாவது அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். "நேத்து வரிசைல நீங்க விலகி நின்னீங்களே" என்று தொடங்குகிற துருவலுக்கு ஈடான கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

ஃபார்ம், நேர்காணல் இரண்டையும் சேர்த்துச் செய்ய நேரம் இருந்தால் வரிசை முக்கியம். களமே புதிது, என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்றால் ஐந்தாறு நேர்காணலை முதலில் எடுத்து, அங்கே கேட்ட சொற்களை வைத்து ஃபார்மை எழுதுங்கள். களம் தெரிந்ததுதான், யாரிடம் பேசுவது என்பதுதான் கேள்வி என்றால் ஃபார்ம் முதலில் போகட்டும். வரும் பதில்களில் பொதுப்போக்குக்கு மாறாக எழுதிய நான்கைந்து பேரையும், பொதுப்போக்கில் நான்கைந்து பேரையும் நேர்காணலுக்கு எடுங்கள். இந்த வழியில் போகிறவர்கள், "பேசத் தயாரா? எண்ணைக் கொடுங்கள்" என்ற பெட்டியை அதே ஃபார்மின் கடைசியில் வைத்துவிட்டு, முகப்பில் "உங்கள் அடையாளம் பதிவாகாது" என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. எண் வாங்குகிற பெட்டி இருந்தால், அடையாளம் தெரியும் என்று முகப்பிலேயே எழுதிவிடுங்கள். அடையாளம் தெரியவே கூடாது என்றால், எண்ணை வேறு ஃபார்மில் வாங்கி, மாறாக எழுதியவர்களைத் தேடிப் பிடிக்கும் வசதியை விட்டுவிடுங்கள்.