இரைச்சலுக்குள் ஒரு வெடிப்பைத் தேட மூன்று வழிகள்: நான் வார்ப்புருவை எடுத்தது ஏன்?

வடகொரியாவின் புங்கியே-ரி அணுச் சோதனைத் தளத்தை ஒட்டிய சிறு அதிர்வுகளைத் தேட, அங்கிருந்து சுமார் 370 கி.மீ. தள்ளி, சீனாவின் முடான்ச்சியாங் நிலையத்தில் பதிவானவற்றை எடுத்துக்கொண்டேன். பெரிய வெடிப்புக்கு எந்த முறையும் போதும். 2017 செப்டம்பர் 3 சோதனை உலகெங்கும் பதிவானது. இரைச்சலோடு இரைச்சலாகக் கிடக்கும் சிறியவைதான் பாடாய்ப் படுத்துபவை.

எஸ்டிஏ/எல்டிஏ (குறுங்காலச் சராசரி/நெடுங்காலச் சராசரி) பழைய முறை. கடைசி ஒரு நொடியின் சராசரி வீச்சை முந்தைய அரை நிமிடத்தின் சராசரியால் வகுக்கிறோம். விகிதம் மூன்றையோ நான்கையோ தாண்டினால் எச்சரிக்கை. எந்த இடத்து அதிர்வையும் பிடிக்கும். பக்கத்துச் சாலையில் லாரி போனாலும் பிடிக்கும்.

ஃபேஸ்நெட் என்ற நரம்பியல் வலை வட கலிஃபோர்னியப் பதிவுகளில் பயின்றது. ஒரு தடவைக்கு 30 நொடிப் பதிவைப் பார்க்கிறது. 370 கி.மீ. தொலைவில், முதலில் வந்து சேரும் பி அலைக்கும் பின்னால் வரும் எஸ் அலைக்கும் இடையே ஏறக்குறைய 40 நொடி ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே சாளரத்தில் அடங்குவதில்லை. அருகில் நிகழும் நிலநடுக்கங்களுக்கு என்றால் அதையே முதலில் பரிந்துரைப்பேன். தொலைவுப் பதிவுகளில் மறுபயிற்சி பெற்ற வலையை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வார்ப்புரு ஒப்பீட்டில், அதே தளத்தில் 2009 மே 25 அன்று நடந்த சோதனையின் அலைவடிவத்தை வார்ப்புருவாக வெட்டியெடுத்து, தொடர் பதிவின் மீது புள்ளி புள்ளியாக நகர்த்தி, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுகிறோம். அதே மலையில் அதே வகை வெடிப்பு நிகழ்ந்தால் அலை அதே பாறைகளின் வழியே வருகிறது. அளவு சிறுத்தாலும் நெளிவுகள் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அதிர்வும் கெழுவில் தலைகாட்டுகிறது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்த நுண்ணுணர்வு அல்ல, பொய் எச்சரிக்கை. எஸ்டிஏ/எல்டிஏவின் வரம்பைத் தாழ்த்தினால் சிறியவை கிடைக்கும், கூடவே குப்பையும் மலையாய்க் குவியும். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் திறந்து பார்த்தாக வேண்டும். காற்று மாறினால், குளிர்காலம் வந்தால் வரம்பை மறுபடி திருத்த வேண்டும். ஒட்டுறவில் அந்த உபத்திரவம் குறைவு. இரைச்சலோடு ஒப்பிடும்போது கெழு சுழியைச் சுற்றியே அலைகிறது. வார்ப்புரு நீளமாகவும் அலைவெண் பட்டை அகலமாகவும் இருந்தால் அந்த அலைச்சல் இன்னும் ஒடுங்குகிறது. அன்றைய கெழுக்களின் இடைநிலை விலக்கத்தை (அவை வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) போல எட்டு மடங்கு என்று வரம்பு வைத்தால், இரைச்சலுக்கேற்ப அதுவே ஏறி இறங்குகிறது. நார்வேயின் நார்சார் போன்ற, பல கருவிகளைப் பரப்பி வைத்த அணிவரிசை நிலையங்களில் இன்னொரு வடிகட்டலும் உண்டு: உண்மையான அதிர்வானால் எல்லாக் கருவிகளிலும் கெழு ஒரே நேரத்தில் உச்சம் தொட வேண்டும்.

இதற்கு விலை, புதியதற்குக் குருடாவது. 2006 அக்டோபர் 9 முதல் சோதனைக்கு அந்தத் தளத்தில் வார்ப்புரு ஏது? 2017 வெடிப்புக்கு எட்டரை நிமிடம் கழித்து மலைக்குள் நிலம் இடிந்து விழுந்ததன் அலைவடிவமே வேறு. அதனால் எஸ்டிஏ/எல்டிஏவை உயர்ந்த வரம்பில் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறேன். அது பிடிப்பதில் தேறுவது அடுத்த வார்ப்புரு.

பிடித்தது வெடிப்பா, நிலநடுக்கமா என்பது தனி வழக்கு. அதற்கு பி, எஸ் அலை வீச்சுகளின் விகிதம் வேண்டும். 2010 மே 12 அன்று தளத்தருகே பதிவான சிற்றதிர்வில், அந்த விகிதத்தை வைத்துக்கொண்டே ஆய்வாளர்கள் இரு கட்சியானார்கள்.