எச்எம்டி 2511 டிராக்டருக்குப் பாகம் தேடி அலைகிறவர்களுக்கு: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறை

போர்டு கிடையாது. மேப்பில் தேடினாலும் வராது. செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாரைத் தாண்டி, மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனால் ஒரு சந்து. உள்ளே இரும்பு அறுக்கிற சத்தம் எங்கே கேட்கிறதோ, அதற்கு அடுத்த கதவு. உள்ளே ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு சாணைக்கல், காவி வேட்டியில் ஒரு பெரியவர். பேர் போடாதே என்று சொல்லிவிட்டார். "இருக்கற வேலையையே முடிக்க முடியல கண்ணு" என்பது அவர் சொன்ன காரணம். வருகிற வேலையில் பாதி சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) ஷாஃப்ட்டு, மீதி லாரி சாமான். டிராக்டர் எப்போதாவதுதான்.

எங்கள் வண்டி எச்எம்டி 2511. ரெண்டு சிலிண்டர், 25 குதிரைத் திறன். 1982-ல் நிலவள வங்கிக் கடனில் அப்பா எடுத்தது. மின்னாம்பள்ளிக்குத் தெற்கே மூணு ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். அதற்கு இந்த வண்டி தாராளம். டீசல் அதிகம் குடிக்காது, தென்னைக்கு நடுவில் திரும்பும். அப்பா போனபிறகு ஏழு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். வித்துவிட்டுப் புதுசு எடு என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. கடன் அட்டையை நீட்டுகிறவர்கள் யாரும் தவணை கட்ட வரப்போவதில்லை.

சிக்கல் பாகம்தான். எச்எம்டி, செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டார் கம்பெனியோடு சேர்ந்து 1971-ல் ஹரியானாவில் பிஞ்சூரில் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. 2016-ல் மத்திய அரசு அந்தப் பிரிவையே மூட முடிவெடுத்தது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர் வைத்திருக்கிறவனுக்குக் கவலையில்லை, கம்பெனி உயிரோடு இருக்கிறது. பிஸ்டன், லைனர் மாதிரி அடிக்கடி போகிறவை எங்களுக்கும் லூதியானா சரக்காகவோ டெல்லி மோரி கேட் சரக்காகவோ எப்படியாவது வந்துவிடும். எப்போதாவது போகிற பாகம் போனால்தான் கதை கந்தல்.

எனக்குப் போனது பி.டி.ஓ ஷாஃப்ட். இன்ஜினின் சுற்றை, வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினுக்குக் கொடுக்கிற தண்டு அது. சோளம் அடிக்கிற மெஷினை மாட்டினால் லொடலொடவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் வெளிமுனைப் பல் ஆறும் கத்தி மாதிரி தேய்ந்து கிடந்தது. ஊரில் ஒரு மெக்கானிக் வெல்டிங் வைத்து நிரப்பிப் பல் ராவித் தந்தார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. மூணாம் நாள், சோளக் குவியல் பாதியில் நிற்கும்போது, வெல்டிங் முடிகிற ஓரத்தில் பளிச்சென்று ஒடிந்தது. ஒடிந்த வாயில் பாதி பழுப்பு, பாதி வெள்ளை. பழுப்பு, முன்னமே விட்டிருந்த விரிசல்.

அப்புறம் சேலத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடை. கவுண்டரில் இருந்தவர் என்னைத் தாண்டிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா அனுப்புங்கம்மா, சாமான் மாறிப் போயிடும்." வந்ததற்கு ஒரு பேரிங்காவது வாங்குவோம் என்று எச்எம்டி ஒரிஜினல் என்று அச்சடித்த டப்பாவில் ஒன்று வாங்கினேன். 1,150 ரூபாய்.

அந்த டப்பாவோடும், ஒடிந்த ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றியும்தான் முதல் தடவை இந்தப் பட்டறைக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட். பெரியவர் நான் யார், எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் ஒன்றும் கேட்கவில்லை. "பழசு கொண்டாந்தியா?" அவ்வளவுதான். நீங்களும் போனால் ஒடிந்ததோ நசுங்கினதோ, பழசைக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோவைக் காட்டினால் போனைப் பார்க்கவே மாட்டார்.

டப்பாவைப் பிரித்து, பேரிங்கின் கிரீஸைக் கட்டைவிரலால் வழித்து, விளிம்பில் இருந்த எண்ணைக் காட்டினார். 6207. "கடைசி ரெண்டு எழுத்தை அஞ்சால பெருக்கு." ஏழஞ்சு முப்பத்தஞ்சு. உள்துளை 35 மில்லி. வெளி விட்டம் 72, தடிமன் 17. உலகத்தில் எந்தக் கம்பெனி 6207 செய்தாலும் இதே அளவுதான். "இதுக்கு எச்எம்டின்னு பேரு வைக்க முடியாது. பேரிங் கடையில போயி நெம்பரச் சொல்லிக் கேளு." கேட்டேன். நல்ல கம்பெனி சரக்கே டப்பாக்காரர் வாங்கியதில் பாதிக்கும் கீழே. ஆயில் சீலும் (எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம்) இப்படித்தான், முதுகில் மூணு எண் இருக்கும். 45-62-10 என்றால் ஷாஃப்ட் 45, வெளியே 62, தடிமன் 10. ஜெட்டார் வழி வந்த வண்டி என்பதால் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, தேடுவது சுலபம். ஏழு வருஷம் வண்டி ஓட்டியும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

இனி ஷாஃப்ட். பழையதைச் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டார். பொறி நீளமாகப் போய் நுனியில் பூ மாதிரி வெடித்தது. பக்கத்தில் கிடந்த சாதா கம்பியைத் தொட்டார். கோடு கோடாகப் பொறி, வெடிப்பு கம்மி. கார்பன் கூடினால் வெடிப்பு கூடுமாம். சாதா இரும்பில் கடைந்தால் ஒரு சோளத்துக்குக்கூடத் தாங்காது, ஈஎன் 24 போடலாம் என்றார். அது நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு. பதம் ஏற்றியே ராடாக விற்கிறார்கள். கடைந்து அப்படியே மாட்டலாம், மறுபடி சூட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்மேல் வெல்டிங் வைத்தால் பதம் போய்விடும். பழைய கதை எங்கே ஒடிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அளவெடுத்த விதத்தை நின்று பார்த்தேன். தேய்ந்த பல்லில் அவர் மைக்ரோமீட்டரை வைக்கவே இல்லை. மெஷினின் ஜாயிண்ட் ஏறாத, துருப்பிடித்த ஒரு விரற்கடை இடத்தைத் துடைத்து அங்கே வைத்தார். தேயாத இடத்தில்தான் உண்மையான அளவு இருக்கும். அப்புறம் சிரித்தார். உள்ளே முழுக்க மில்லிமீட்டர், வெளிமுனை மட்டும் ஒன்றே கால் இஞ்சும் ஒரு நூலும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நம்மூரில் ஓடும் டிராக்டர் அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்முனை அதே அளவு, அதே ஆறு பல், நிமிஷத்துக்கு 540 சுற்று. அதனால்தான் யார் மெஷினை யார் வண்டியிலும் மாட்ட முடிகிறது. "இதுல நான் அரை நூல் தப்புப் பண்ணினா உனக்கு வாடகை மெஷினே ஏறாது."

உள்முனைப் பல்லுக்குத்தான் ரெண்டாம் பயணம். அது மாட்டுகிற ஜோடியைக் கொண்டுவராமல் கடைய மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். கியர்பாக்ஸைத் திறந்து எடுக்க ஒரு நாள் போச்சு.

பல் வெட்டிய அன்று போயிருந்தேன். மில்லிங் மெஷினில் ஷாஃப்ட்டைச் சம பங்காகத் திருப்புகிற சாமானுக்கு டிவைடிங் ஹெட் என்று பேர். அதன் கைப்பிடியை நாற்பது தடவை சுற்றினால் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று திரும்பும். ஆறு பல் என்றால் நாற்பதை ஆறால் வகு. ஆறு சுற்று, மிச்சம் மூன்றில் ரெண்டு. அதன் தட்டில் பதினெட்டு ஓட்டை உள்ள வட்டத்தில் அது பன்னிரண்டு ஓட்டை. ஒவ்வொரு பல்லுக்கும் வாய்விட்டு எண்ணினார். ஆறு சுற்று, பன்னிரண்டு ஓட்டை, ஊசியைக் குத்து, கட்டரை இறக்கு. நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை. பையன் டீ கொண்டுவந்து வைத்தான், ஆறிப்போனது. அந்த மில்லிங் மெஷினின் தலையில் பெயிண்ட் உரிந்து எச்எம்டி என்று எழுத்து. அப்பா கையில் கட்டியிருந்த ஜனதா வாட்ச்சும் எச்எம்டி. அதையும் மூடிவிட்டார்கள். மெஷின் மட்டும் அன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

செலவு: ராடு ஆறு கிலோ சொச்சம், அதற்கு 1,100. கூலி 3,600. பில் கிடையாது, பழைய டைரியில் எழுதிக் கிழித்துத் தருவார். முன்பணம் பாதி.

இப்போது குறை. ஒரு வாரம் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்தார். சோளம் அடிக்க வாடகை வண்டிதான் பிடித்தேன், அந்தக் காசு என் தலையில். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். போன ரெண்டு தடவையும் "நாளைக்கு" என்றார். அந்த நாளை எந்த நாளை என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதைவிடப் பெரியது, மாட்டி ரெண்டாம் நாள் பின்பக்கம் எண்ணெய் கசிந்தது. மறுபடி கழற்றி, மறுபடி சாக்கு, மறுபடி லக்கேஜ் டிக்கெட். சீல் உட்காருகிற இடத்தில் கடைசல் கோடு அப்படியே இருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டியது. அந்தக் கோடு மரை மாதிரி வேலை செய்து, சுற்றச் சுற்ற எண்ணெயை வெளியே தள்ளிவிடும். பார்த்ததும், "என் தப்புதான், கிரைண்டிங்குக்கு அனுப்பாம விட்டுட்டேன்" என்றார். ரெண்டு நாளில் கிரைண்டிங் போட்டுப் புது சீலும் வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பஸ் செலவுக்கு நூறு ரூபாய் நீட்டினார், நான்தான் வாங்கவில்லை. அதற்கப்புறம் ரெண்டு சீசன் அடித்தாகிவிட்டது. கீழே ஒரு சொட்டு இல்லை.

எல்லா வேலைக்கும் இவரிடம் போகாதீர்கள். ஷாஃப்ட், புஷ், பின், பெரிய மரைக்கு போல்ட், இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பம்ப், நாசில் என்றால் டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கிற இடத்துக்குப் போங்கள். கிராங்க்கை இவர் தொடமாட்டார். கியரும் செய்யமாட்டார். ரிவர்ஸ் கியரில் எனக்கு ரெண்டு பல் மூளி. கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். பல்லை வெட்டிவிடலாம், ஆனால் மேல்தோல் மட்டும் கடினமாகிற மாதிரிப் பதம் ஏற்றி, கோணாமல் கிரைண்டிங் போட வேண்டும். அது சரியாக வராவிட்டால் கூடச் சுற்றுகிற நல்ல கியரையும் தின்றுவிடும். "காசு வாங்கிட்டு உன் பெட்டியக் கெடுக்கறதா? செத்த வண்டி எங்க கெடக்குன்னு பாரு. கெடைச்சா ஜோடியாவே எடு." ராசிபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் டயர் இல்லாமல் நின்ற 2511-இல் அந்த ஜோடி கிடைத்தது. எடை போட்டுக் கொடுத்தார்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால் நாலு. அந்த ஒன்று, பத்தொன்பது நாளுக்காகக் கழித்தது.

முன் அச்சு புஷ்ஷும் ஆட ஆரம்பித்திருக்கிறது. சீசன் நடுவில் போய் நிற்கக்கூடாது என்று இந்தத் தடவை வைகாசியிலேயே கொடுத்துவிட்டேன். போகிறவர்கள் காலை பத்துக்கு மேல் போங்கள். ஞாயிறு லீவு. மதியம் ஒன்றரையிலிருந்து மூணு வரை லேத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார், எழுப்பினால் அன்றைக்கு வேலை எடுக்க மாட்டார்.