பாமினிப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்ற எது தோது?

திருகோணமலைப் பக்கத்துக் கோயில்கள், வாசிகசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள் முன்பு செய்துவைத்த இணையத்தளங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலேயே கிடக்கும் பக்கங்கள் இன்னமும் உண்டு. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலும் அகப்படாது. படம், இணைப்பு, அட்டவணை எதையும் குழப்பாமல் எழுத்தை மட்டும், எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு எடிட்டரில் தேடி மாற்றலாம், பைத்தன் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம், குறிகளால் ஆன ஆவணங்களை மாற்றுவதற்கென்றே உள்ள எக்ஸ்எஸ்எல்டி மொழியைப் பயன்படுத்தலாம்.

தேடி மாற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் கை போகும் வழி. அடிக்குறிப்பில் ஆண்டை மாற்ற அது போதும். பாமினிக்கு அது ஆபத்து. ‘மலை’ என்பது பாமினியில் கே (ம), ஐ (ஐகாரக் குறி), வை (ல) என்ற ஆங்கில எழுத்துகள். அதாவது தமிழ் எழுத்துகள் எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்தாகவே கோப்பில் இருக்கின்றன; பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறிகளும் அதே எழுத்துகள்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இணைப்புக் குறியின் ஆங்கில ‘ஏ’ யகரமாகிவிடும், அட்டவணைக் கட்டத்தின் குறி ‘வன’ என்று ஆகிவிடும். இதைவிட மோசம் ‘ஈ’ என்ற தமிழ் எழுத்து. பாமினியில் அது குறிகளைத் தொடங்கும் அதே கோண அடைப்பு. முறையாக எழுதிய பக்கத்தில் அது ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று நாலு எழுத்தாக இருக்கும். அந்த அரைப்புள்ளியோ பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி! ‘ஈழம்’ என்ற சொல் ‘டவ்’ என்று புகுந்த ஏதோவாக முடியும்.

பாமினி என்று சொல்லும் எழுத்துருக் குறிக்குள் இருப்பதை மட்டும் ரெகெக்ஸால், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறையால், பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பாமினிப் பத்தியின் நடுவில் ஓர் ஆங்கிலப் பெயரை ஏரியல் என்ற ஆங்கில எழுத்துருவில் போட்டிருப்பார்கள். அந்த உள் குறி மூடும் இடத்திலேயே ரெகெக்ஸ் நின்றுவிடும். மிச்சம் பாமினியாகவே இருந்துவிடும்.

எக்ஸ்எஸ்எல்டி வெல்லும் இடம் இதுதான். 1999இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த அதன் முதற்பதிப்பிலேயே வழி இருக்கிறது. ‘எந்தக் கணுவையும் (குறி, உரை போன்றவை) பண்புக்கூற்றையும் (குறிக்குள் எழுதும் விவரம்) அப்படியே நகலெடு’ என்று ஒரு வார்ப்புரு, அதாவது ஒரு விதி. அதன்மேல், மாற வேண்டியதற்கு மட்டும் இன்னொன்று: ‘இந்த உரைக்கு மிக அருகில் வெளியே இருக்கும் எழுத்துருக் குறி பாமினி என்றால் மாற்று.’ ஏரியலுக்குள் இருக்கும் பெயரின் மிக அருகான குறி ஏரியல் என்பதால் அது தப்பிவிடும். பாமினி என்று சொல்லும் குறியையே கழற்ற மூன்றாவது சின்ன வார்ப்புரு. கோண அடைப்புத் தொல்லையும் இல்லை. வார்ப்புருவின் கைக்கு வரும்போதே நாலு எழுத்தும் ஒன்றாகியிருக்கும். தொடாததைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

ஆனால் எழுத்துமாற்றத்தில் எக்ஸ்எஸ்எல்டி 1.0 தடுமாறும். ‘மலை’யைத் திரும்பப் பாருங்கள்: ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும். 1.0இல் உள்ள டிரான்ஸ்லேட் என்ற கட்டளை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்துதான் மாற்றும், வரிசை மாற்றாது. 2.0இல் ரெகெக்ஸ் உண்டு, ஆனால் லினக்ஸில் இலேசாகக் கிடைக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கருவிக்குத் தெரிந்தது 1.0 மட்டுமே. 2.0 தெரிந்த சாக்சன் என்ற கருவியைப் போட்டால் முடியும்.

பைத்தனுக்கு வரிசை மாற்றம் விளையாட்டு. அதில் எச்டிஎம்எல்லை வாசிக்கும் பியூட்டிஃபுல்சூப் நூலகம் மூடாத குறிகளையும் பொறுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், குறிக்குள் குறியாகக் கிளைக்கும் பக்கத்தின் மரத்தில் எங்கே போவது, எதை விடுவது என்பதை எல்லாம் நாமே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை வாசித்து விளங்குவது கஷ்டம்.

என் தெரிவு இரண்டும் சேர்ந்தது. பைத்தனின் எல்எக்ஸ்எம்எல் நூலகத்தில் எக்ஸ்எஸ்எல்டி ஓடும்போதே பைத்தன் சார்பு (ஃபங்ஷன்) ஒன்றை அழைக்கலாம். எங்கே மாற்றுவது என்பதை வார்ப்புரு பார்க்கட்டும், எப்படி மாற்றுவது என்பதைப் பைத்தன் பார்க்கட்டும். குரோம் உலாவி எக்ஸ்எஸ்எல்டியைக் கைவிடப்போவதாக 2025இல் வந்த அறிவிப்பு உலாவிக்குள் நடப்பதைப் பற்றியது. நம் கணினியில் மாற்றிவிட்டு வெறும் எச்டிஎம்எல்லை ஏற்றும் இந்த வேலையை அது பாதிக்காது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் பக்கமாக இருந்தால், வார்ப்புருவில் அதன் பெயர்வெளியை (குறிகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரியை) சொல்லாவிட்டால் எந்தக் குறியும் பொருந்தாது. பிழைச்செய்தியும் வராது, பக்கம் மாறாமலே வெளியே வரும். அப்புறம், எக்ஸ்எஸ்எல்டி கோப்பைப் புதிதாக எழுதுவதால் மேற்கோள் குறி, குறிகளின் பெரிய எழுத்து, இடைவெளி எல்லாம் கொஞ்சம் மாறும். அதனால் முதலில் நகலெடுக்கும் வார்ப்புருவை மட்டும் ஓட்டி, வந்ததை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் சேமித்துவிடுங்கள். பிறகு பாமினி வார்ப்புருவைப் போட்டு ஓட்டினால், கிட் காட்டும் வேறுபாட்டில் தெரிவது நாம் மாற்றியது மட்டும்தான்.