வாரே பெட்டியில் தேனீக்கள்: பல பருவங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

மரச்சட்டங்களுக்குள் அடை கட்டவைக்கும் சட்டப் பெட்டிகளை விட்டு வாரே பெட்டிக்கு மாறிப் பல பருவங்கள் ஓடிவிட்டன. தேன் மகசூல் ஒன்றே குறி என்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேனீக்கள் தம் போக்கில் வாழ வேண்டும், மிஞ்சியது நமக்குப் போதும் என்று நினைப்பவருக்கு இதைவிட நல்ல பெட்டியை நான் கண்டதில்லை.

பிரான்ஸைச் சேர்ந்த எமில் வாரே பாதிரியார் வடிவமைத்தது இது. ஒவ்வோர் அடுக்கும் உள்ளே 30 சென்டிமீட்டர் சதுரம், 21 சென்டிமீட்டர் உயரம். மேலே 8 மரப்பட்டிகள், அவ்வளவுதான். அச்சு பதித்த மெழுகுத் தாள் கிடையாது. அடையைத் தேனீக்களே மேலிருந்து கீழாகக் கட்டுகின்றன. புது அடுக்கை அடியில் சேர்க்கிறோம். புழு வளர்ப்பு கீழே இறங்க இறங்க, காலியான மேல் அறைகளில் தேன் நிறைகிறது.

புழு அறைகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெப்பம் கலைந்துபோகிறது. அதை மீட்கத் தேனீக்கள் சேமித்த தேனைத்தான் எரிக்கின்றன. ஆகவே பெட்டியை அரிதாகவே திறக்கிறேன், வாசலையோ அடிக்கடி கவனிக்கிறேன். மகரந்த உருண்டைகள் தொடர்ந்து உள்ளே போனால் பெரும்பாலும் புழு வளர்ப்பு நடக்கிறது என்று பொருள். சிறகு சுருங்கிய இளம் தேனீக்கள் தரையில் தவழ்ந்தால், தேனீக்களையும் புழுக்களையும் தாக்கும் ஒட்டுண்ணியான வரோவா உண்ணி பெருகியிருக்கிறது.

இந்த உண்ணிதான் குறைந்த தலையீட்டு முறைக்கு உண்மையான சோதனை. அது மூடிய புழு அறைக்குள் மட்டுமே இனம் பெருக்கும். பழைய ராணியோடு ஒரு பகுதித் தேனீக்கள் வெளியேறிக் கூட்டம் பிரிந்து போகும்போது புழு வளர்ப்பு சில காலம் நின்றுவிடுவதால் உண்ணியின் பெருக்கமும் தடைபடுகிறது. அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியின் ஆய்வுகளும் இதையொட்டியவை: சிறிய பெட்டியில் வாழ்ந்து அடிக்கடி பிரியும் கூட்டங்களில் உண்ணி குறைவாக இருந்தது. கூட்டம் பிரிவதைத் தடுக்க புது ராணி வளரும் ராணியறைகளைக் கிள்ளும் வழக்கத்தை நான் கைவிட்டதற்கு இதுவே காரணம். பிரிந்த கூட்டத்தைப் பிடிக்க ஒரு காலிப் பெட்டி எப்போதும் தயார்.

ஆனால் விலைக்கு வாங்கிய கூட்டத்துக்கு மருந்தைத் திடீரென நிறுத்திவிட்டு அதை இயற்கை முறை என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. நலிந்த கூட்டத்தின் தேனை மற்றத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும். போகும்போது உண்ணியையும் சுமந்து செல்லும். பொடித்த சர்க்கரையில் தேனீக்களை உருட்டி, உதிரும் உண்ணிகளை எண்ணுகிறேன். எண்ணிக்கை ஏறினால், புழு இல்லாத பருவத்தில் உண்ணியைக் கொல்லும் ஆக்சாலிக் அமிலம் பயன்படுத்துகிறேன்.

குறைகளும் உண்டு. அடியில் அடுக்கு சேர்க்க முழுப் பெட்டியையும் தூக்க வேண்டும். தேன் நிறைந்திருந்தால் இன்னொருவர் துணை அவசியம். அடைகள் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் நோய்ச் சோதனைக்கு வெளியே எடுப்பது கடினம். சட்டம் இல்லாத மென்மையான அடையைச் சுழல் இயந்திரத்தில் இட முடியாது. நசுக்கி வடிகட்டித்தான் தேன் எடுக்கிறேன். அதனால் மெழுகு கூடுதலாகக் கிடைக்கிறது, ஆனால் அடையைத் தேனீக்கள் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. பூ குறையும் காலத்துக்கு முன் ஓர் அடுக்குத் தேனையாவது தொடாமல் விடுகிறேன். சர்க்கரைப் பாகு, பட்டினி கிடக்கும் கூட்டத்துக்கு மட்டும்.