ரூ.1,999-க்கு டிரேட்மார்க் பேக்கேஜ்: வாங்கலாமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ், தேன், செக்கு எண்ணெய் பாக்கெட் போட்டு விற்பவர்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம்: “3 நாளில் பிராண்ட் பதிவு. ரூ.1,999 மட்டும்!” அப்படி ஒரு டிரேட்மார்க் (வணிகப் பெயர்ப் பதிவு) பேக்கேஜைப் பற்றியது இந்த விமர்சனம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே அச்சில் பல பேர் விற்கிறார்கள்.

முதலில் காசு. ரூ.1,999 அவர்களுடைய கூலி மட்டும்தான். ஒரு வகுப்புக்கு (பொருள்களைப் பிரித்து எண் போட்ட வகை) அரசுக் கட்டணம் ஆன்லைனில் ரூ.4,500. இது தனிநபருக்கும், ஸ்டார்ட்அப்புக்கும், சிறு தொழிலுக்கும். கூட்டு நிறுவனமாக இருந்து, சிறு தொழில் என்பதற்கு மத்திய அரசு தரும் உத்யம் சான்றிதழ் இல்லையென்றால் ரூ.9,000. உத்யம் பதிவு இலவசம். அதை முதலில் எடுக்கச் சொன்னாலே அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு ரூ.4,500 மிச்சம். இந்தப் பேக்கேஜில் அதைச் சொல்வதில்லை.

அடுத்தது அந்த ‘3 நாள்’. மூன்று நாளில் கிடைப்பது விண்ணப்ப எண்தான். அதன் பிறகு டிரேட்மார்க் பதிவகத்தின் பரிசோதனை, ஆட்சேபம் வந்தால் பதில், பிறகு டிரேட்மார்க் ஜர்னலில் வெளியீடு. வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நான்கு மாதத்துக்குள் பதிவு என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. விளம்பரத்தின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ‘விண்ணப்பம் மட்டும்’ என்று இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் இதைத்தான் கூடாது என்கின்றன: விளம்பரம் எந்த மொழியிலோ, எந்த எழுத்துருவிலோ, நிபந்தனையும் அதிலேயே இருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு முதல் தடவை ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

பேக்கேஜோடு ‘இலவச லேபிள் டிசைன்’ தருகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து. மாதிரி லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, அதாவது பதிவான பெயர் என்ற குறி. கீழே “100% சுத்தமானது”. விண்ணப்ப நிலையில் ‘டிஎம்’ மட்டும்தான் போடலாம். பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டினால், முன்பு மூன்று ஆண்டு வரை சிறை. ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றி, 2024 ஆகஸ்ட் 1 முதல் விற்பனையில் அரை சதவீதம் அல்லது ரூ.5 லட்சம், இரண்டில் எது குறைவோ அது அபராதம். சிறை போய்விட்டது என்பதற்காகத் தப்பு சரியாகிவிடாது. ‘100%’ என்ற சொல்லை உணவு லேபிளிலும் விளம்பரத்திலும் தவிர்க்கும்படி 2025 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அறிவுறுத்தியிருக்கிறது. ரோல் ரோலாக அச்சடித்த பிறகு இதெல்லாம் தெரிந்தால் கவர் காசு போச்சு.

பெயர்த் தேடல் செய்கிறார்கள், ஆனால் ஒரே ஆங்கில எழுத்துக் கோர்வையில். பதிவகம் ஒலியைப் பார்க்கும். ‘தாழை’ என்ற பெயர் என்றால் ழகரத்துக்கு எல் போட்டும் தேட வேண்டும், இசட் போட்டும் தேட வேண்டும். பதிவகத்தின் ஐபி இந்தியா தளத்தில் ஒலிவழித் தேடல் இலவசம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாமே பார்த்துவிடலாம். ‘நாகர்கோவில் சிப்ஸ்’ மாதிரி ஊரும் பொருளும் மட்டும் உள்ள பெயருக்கு, தனித்தன்மை இல்லை என்று டிரேட்மார்க் சட்டப் பிரிவு 9-இல் ஆட்சேபம் நிச்சயம். ‘கன்னியாகுமரி மட்டி’ என்று கேட்டால் இன்னும் சிக்கல்: மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தாயிற்று, அது தனி ஒருவருக்கு டிரேட்மார்க் ஆகாது.

வகுப்பிலும் கவனம் வேண்டும். சிப்ஸும் சமையல் தேங்காய் எண்ணெயும் 29. தேன், கிராம்பு 30. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3. சிறு பாக்கெட் தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது வரி விஷயத்தில். அதை வைத்து 29 மட்டும் போதும் என்று ஏஜென்ட் சொன்னால் ஏற்காதீர்கள். தலை எண்ணெயாகவும் விற்றால் 3-ம் வேண்டும்.

நிஜமாகவே வயிறு எரிய வைப்பது பயன்பாட்டுத் தேதி, அதாவது அந்தப் பெயரில் எப்போதிலிருந்து விற்கிறோம் என்பது. பத்து வருஷமாக ஒரே பெயரில் விற்பவருக்கும் ‘இனிமேல் பயன்படுத்தப் போவது’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். காரணம், பழைய தேதி போட்டால் உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில்லும் இணைக்க வேண்டும். அது அவர்களுக்கு வேலை. நாளைக்கு வேறொருவர் அதே பெயரோடு வந்து நின்றால், முந்திப் பயன்படுத்தியவர் என்ற நம்முடைய பலம் நம் விண்ணப்பத்தாலேயே கேள்விக்கு உள்ளாகும்.

விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சலும் அவர்களுடையதே. பரிசோதனை அறிக்கை அங்கேதான் போகும். 30 நாளில் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடலாம். பதில் எழுதுவது பேக்கேஜில் இல்லை, தனிக் கட்டணம்.

தனி ஆள், ஒரே வகுப்பு, புதிதாகத் தொடங்கும் தொழில் என்றால் கூலி நியாயம்தான். ஆனால் பணம் கட்டும் முன் டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தின் வரைவைக் கேட்டு வாங்கி, வகுப்பு, பயன்பாட்டுத் தேதி, மின்னஞ்சல் மூன்றையும் பாருங்கள். வரைவு தர மாட்டோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.