நேரலையில் சூடாகும் போன்: சுமைக் குறைப்பா, விசிறியா, பெல்டியரா?

நேரலை பாதியில் இருக்கும்போது திரை தானாக மங்கும். சார்ஜ் ஏறாமல் நிற்கும். படம் விக்கி விக்கி ஓடும். கடைசியில் கேமராவே மூடிக்கொள்ளும். இவை நான்கு தனித்தனிக் கோளாறுகள் அல்ல. சூடு ஏற ஏற போன் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கைகள். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சுற்றுப்புற வெப்பநிலையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நேர் வெயிலில் ஸ்டாண்டில் நிற்கும் போன் இந்த வரம்போடு மல்லுக்கட்டித்தான் வேலை செய்கிறது.

கடையில் கிடைக்கும் கூலர்கள் எல்லாம் உண்டான சூட்டை வெளியேற்றுபவை. சூட்டை உண்டாக்காமல் இருப்பதும் ஒரு வழிதான். செலவில்லாத அந்த வழியையும் போட்டியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சுமையைக் குறைத்தால்

1080பி தெளிவுத்திறன் (ரெசல்யூஷன்), விநாடிக்கு 60 பிரேம் (படச்சட்டம்) என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 12.4 கோடி பிக்சல்களை போன் கையாள வேண்டும். 720பி, 30 பிரேமில் அது 2.8 கோடிதான். சென்சார், பட பிராசசர், வீடியோவைச் சுருக்கி அனுப்பத் தயாராக்கும் என்கோடர் மூன்றின் வேலையும் ஒன்றாகக் குறைகிறது. பேச்சு, வகுப்பு, கேள்வி பதில் போன்றவற்றுக்கு 720பி 30 தாராளம். நடனம், விளையாட்டு என்று வேகமான அசைவு இருந்தால் 1080பி 30-ஐவிட 720பி 60 நல்ல தேர்வு: அசைவும் வழுக்கிக்கொண்டு போகும், பிக்சல் கணக்கும் (5.5 கோடி) 1080பி 30-ஐவிடக் (6.2 கோடி) குறைவு.

பலர் கவனிக்காத சூடு ஃபில்டரில் இருக்கிறது. முகப்பொலிவு, பின்புல மங்கல், முகமூடி எஃபெக்ட் எல்லாம் ஒவ்வொரு பிரேமிலும் முகத்தைத் தேடிக் கணக்குப் போடுபவை. ட்ரைபாடில் போன் நிற்கும்போது மின்னணு நடுக்கத் தடுப்பும் வீண் வேலை. இரண்டையும் அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கி, தானியங்கி வெளிச்சத்தையும் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் அதுவே உச்சத்துக்கு ஏற்றிவிடும்.

சிக்னலும் சூடு தரும். டவர் தூரமாக இருந்தால் மோடம் அதிக சக்தியில் அனுப்பவேண்டியிருக்கும். நேரலையில் அது இடைவிடாமல் நடக்கிறது. வைஃபை நன்றாகக் கிடைத்தால் விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையை மட்டும் திறப்பது நல்லது. நடுவே அழைப்பு வந்து நேரலை அறுபடும் தொல்லையும் போய்விடும்.

சார்ஜ் போட்டபடி ஓட்டுவது

போன் சூடாவதில் தவிர்க்கக்கூடிய பெரும்பங்கு இதுதான். வயர்லெஸ் சார்ஜிங் மிக மோசம்; போனின் முதுகுக்குள் இருக்கும் சார்ஜிங் கம்பிச் சுருளில் (காயில்) வீணாகும் மின்சாரம் அப்படியே முதுகில் சூடாக இறங்கும். வேக சார்ஜர் அதற்கு அடுத்தபடி. முன்கூட்டியே 100 சதவீதம் ஏற்றி, போன் ஆறிய பிறகு 5 வாட் அளவிலான சாதாரண சார்ஜரோடு தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் அதிகம் போகாது.

பேட்டரியைத் தொடாமல் நேரடியாகப் போனுக்கு மின்சாரம் தரும் பைபாஸ் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அசுஸ் ராக் போன்களிலும் சோனி எக்ஸ்பீரியா மாடல்கள் பலவற்றிலும் அது உண்டு. சாம்சங்கில் கேம் பூஸ்டருக்குள் இருக்கும் இதே வகை வசதி கேம்களுக்கென்று வைத்தது. அதை நம்பிக் கேமரா நேரலையைத் திட்டமிட வேண்டாம்.

கிளிப் விசிறி

காற்றை நகர்த்துவது மட்டுமே இதன் வேலை. அறையின் வெப்பநிலைக்குக் கீழே போனைக் கொண்டுபோக இதனால் முடியாது. 27 டிகிரி அறையில் நன்றாக உதவும். 38 டிகிரி வெளியிடத்தில் பலன் கொஞ்சம்தான். கவரைக் கழற்றாமல் மாட்டினால் விசிறி கவரைத்தான் குளிர்விக்கும். இரைச்சல் போனின் மைக்கில் விழும் என்பதால் காலர் மைக் இல்லாமல் வாங்குவதில் அர்த்தமில்லை. உள்ளதைச் சொன்னால், பக்கவாட்டில் வைத்த ஒரு மேசை விசிறியே இந்த வேலையைச் செய்துவிடும்.

பெல்டியர் கூலர்

மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு இது. அறை வெப்பநிலைக்குக் கீழேயும் இறக்கக்கூடியது இந்தப் பட்டியலில் இது ஒன்றே. ஆனால் மூன்று இடத்தில் சொதப்பும்.

முதலாவது மின்சாரம். 10 முதல் 20 வாட் வரை கேட்கும் என்பதால் தனி அடாப்டர் தேவை. நடுவில் மின்சாரம் நின்றால், சூடான பக்கத்தில் தேங்கிய வெப்பம் தகடு வழியே போனுக்கே திரும்பும். உடனே கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது ஒட்டும் இடம். காந்த வளையத்தில் ஒட்டும் மாடல்கள் போனின் நடு முதுகில் அமரும். அங்கே இருப்பது பெரும்பாலும் பேட்டரியும் காயிலும். பிராசசர் பொதுவாக மேல் பாதியில், கேமராவுக்கு அருகில் இருக்கும். கண்ணாடி முதுகு வெப்பத்தை எளிதில் கடத்தாததால் நடுவில் சில்லென்று இருந்தாலும் மேலே கொதிக்கலாம். 10 நிமிடம் ஓட்டி, விரலால் தடவிச் சூடான இடத்தைக் கண்டுபிடித்து, நகர்த்தி மாட்டக்கூடிய கிளிப் மாடலை அங்கே பொருத்துவது மேல்.

மூன்றாவது ஈரம். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போன பரப்பில் நீர் கோர்க்கும். நேரலைக்கு முன்பே கூலரை ஓடவிட்டுப் போனைச் சில்லிட வைப்பது அதனால்தான் தவறு. போன் கதகதப்பான பிறகு நடு வேகத்தில் போட்டால் போதும். ஐஸ் பையை வைப்பதில் இதே ஆபத்து பல மடங்கு. லென்ஸுக்குள் மூட்டம் கட்டிவிட்டால் நேரலையும் கெடும்.

எதற்கு எது

அறைக்குள் ஒரு மணி நேரம் என்றால் சுமைக் குறைப்பும் கவர் கழற்றலும் போதும். இரண்டு மணியைத் தாண்டும் அறை நேரலைக்குச் சிறு சார்ஜரும் விசிறியும் சேரட்டும். வெயில் காலத்தில் வெளியே என்றால் முதலில் நிழல், பிறகுதான் பெல்டியர். வெயில் நேராக விழும் போனில் பெல்டியரின் பாதி உழைப்பு சூரியனோடு மோதுவதிலேயே போய்விடும். 60 பிரேமும் ஃபில்டரும் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கும் பெல்டியர் தேவைப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மங்கத் தொடங்கினால் சார்ஜரைப் பிடுங்கி, ஃபில்டரை அணைத்து, போனை நிழலுக்கு மாற்ற வேண்டும். ரெசல்யூஷனை மாற்றப் பெரும்பாலான செயலிகளில் நேரலையை நிறுத்தியே ஆகவேண்டும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வெப்ப எச்சரிக்கைத் திரை வந்துவிட்டால் அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.