இரவுக் கிடைக்கு மின்வலை: நரியை நிறுத்தும், செம்பூனையை நிறுத்தாது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், மூயி ரிவர், ஹோவிக், எஸ்ட்கோர்ட் பக்கத்து விவசாயக் கடைகளில் செம்மறிக்கென்று விற்கும் மின்வலை, நம் முன்னோர் தமிழ்நாட்டு வயல்களில் போட்ட கிடையேதான். பகலில் மேய்ச்சல், இரவில் அடைப்பு, சில நாளுக்கொரு முறை இடமாற்றம். மூங்கில் தட்டிக்குப் பதில் மின்சாரம் ஓடும் வலை, அவ்வளவே. 50 முதல் 150 தாய் ஆடுகள் வைத்திருக்கும் சிறு பண்ணைக்கு, குட்டி ஈனும் ஆறேழு வாரத்துக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் வலை பாதி வேலைதான். மறுபாதி மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியில் இருக்கிறது. பணம் போட்டும் குட்டி பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

வாங்கும் முன் கொன்றது யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜூலு மக்கள் இம்புங்குஷே என்றும் ஆப்பிரிக்கான்ஸில் ரோய்யக்கால்ஸ் என்றும் சொல்லும் கருமுதுகு நரி, தொண்டையில் தாடைக்குச் சற்றுப் பின்னால் கடிக்கும். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே கிழித்து உள்ளுறுப்பைத் தின்னும். பிறந்து ஓரிரு நாளான குட்டியை முழுதாகத் தூக்கிப் போவதும் உண்டு. ரோய்கட் (காரகல்) எனும் செம்பூனை கொன்றால் கழுத்திலும் தோளிலும் நகக்கீறல் தெரியும்; தொடைக்கறியைத்தான் முதலில் தின்னும். தெருநாய்க்கு ஒழுங்கு கிடையாது, காது, பின்னங்கால், வால் என்று கண்ட இடத்தில் கடித்து ஒரே இரவில் பல ஆடுகளைக் குதறும். செத்துப் பிறந்த குட்டியை நரி தின்றிருக்கவும் கூடும். தோலை உரித்துப் பாருங்கள். கடித்த இடத்தின் அடியில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடிருந்தபோது கடித்தது. நுரையீரல் துண்டைத் தண்ணீரில் போட்டால் மூச்சு விட்ட குட்டியுடையது மிதக்கும். மூச்சே விடாததுடையது மூழ்கும்.

செம்பூனைதான் எதிரி என்றால் இந்த வலையில் காசு போட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே ஆள் உயரத்துக்கு மேல் எம்பும் விலங்குக்கு இந்த உயரம் ஒரு பொருட்டல்ல. அதற்குக் கூரையுள்ள கொட்டில் வேண்டும்.

நரி மட்டும் ஏன் நிற்கிறது? ரோமம் மின்சாரத்தைத் தடுக்கும், ஈரமூக்கு தடுக்காது. புதுப்பொருளைக் கண்டால் நரி முதலில் மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். அந்த முதல் தொடுதலிலேயே மின் அடி விழவேண்டும். மின்சாரம் இல்லாத வலைக்குள் ஒருமுறை நுழைந்து பழகிய நரி, பிறகு அடி வாங்கினாலும் முன்னோக்கித்தான் பாயும். ஆகவே வலையை நட்டுவிட்டு, அதற்கு மின்சாரம் அனுப்பும் எனர்ஜைசர் பெட்டியை நாளைக்கு மாட்டலாம் என்று விடாதீர்கள்.

100 தாய் ஆடுகளுக்கு 50 மீட்டர் சுருள் இரண்டு போதும். 25க்கு 25 மீட்டர் சதுரம், தலைக்கு ஆறு சதுர மீட்டர். 90 செ.மீ. உயர வலையும் கிடைக்கும். நரிக்கு 108 செ.மீ. எடுங்கள். சுருளை விரித்துக் கீழ்க்கண்ணிகளை அளந்து பாருங்கள். குத்துக்கயிறுகளுக்கு நடுவே 30 செ.மீ. விட்ட வலையில் குட்டி வெளியே போகும், நரி உள்ளே வரும். 15 செ.மீ. அல்லது அதற்கும் குறைவானதே நமக்கு உதவும். கயிற்றில் ஓடும் உலோக இழையையும் கேளுங்கள். வெறும் துருப்பிடிக்காத எஃகு இழைக்கு மின்தடை அதிகம், வெள்ளீயம் பூசிய செப்பு இழை கலந்தது கடைசி மூலை வரை அடியைக் கொண்டுபோகும். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு விட்டுவிடாதீர்கள்; முடிச்சில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும்தான் தொடும். உலோகக் கவ்வி போடவேண்டும்.

இனி எர்த். புரட்டாசி விரதம் முடிந்ததும் எழும் இறைச்சித் தேவைக்குக் கிடாக்குட்டி தயாராக வேண்டுமென்றால் மே மாதம் ஈனவேண்டும், அதாவது டிசம்பரில் கிடாய் சேரவேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மிட்லண்ட்ஸ் எனும் நம் பகுதியில் மழை அரிது, மண் செங்கல் போல் காய்ந்து கிடக்கும். எனர்ஜைசரிலிருந்து கிளம்பிய மின்சாரம் நரியின் கால்வழி மண்ணில் இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடி விழும். காய்ந்த மண் அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. பெட்டியோடு வரும் ஒற்றைக் குட்டைக் கம்பியை நம்பாதீர்கள். துத்தநாகம் பூசிய 1.5 முதல் 2 மீட்டர் கம்பி மூன்று, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, தண்ணீர்த் தொட்டி வழியும் ஈரமான இடத்தில் அடியுங்கள். வீட்டு மின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது விலகியிருக்கட்டும்.

சோதிப்பது எளிது. எனர்ஜைசரை அணைத்து, வலையின் கடைசி முனையில் இரும்புக் கம்பிகள் சிலவற்றை வலைமேல் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். மீண்டும் போட்டு, வலையின் அழுத்தம் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா பாருங்கள். இறங்காவிட்டால் இன்னும் கம்பி ஊன்றுங்கள். இப்போது கடைசி எர்த் கம்பியில் வேலி வோல்ட்மீட்டரின் ஒரு முனையை வைத்து, அதன் மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்துங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. இன்னொரு கம்பி அடியுங்கள். சோதனைக் கம்பிகளை எடுத்தபின் கிடையின் எந்த மூலையிலும் 4,000 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. அளக்கவேண்டிய நேரம் விடியற்காலை. பனி இறங்கிய புல் வலையில் படும்போதுதான் கசிவு அதிகம். வலையின் அடியில் அரை மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டிவிட்டால் இது பெருமளவு குறையும். பொறி பறந்து காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் அபாயமும் குறையும்.

மண் எவ்வளவு முயன்றும் ஒத்துழைக்கவில்லையா? ஒரு வரி மின்சாரமும் அடுத்த வரி எர்த்தும் ஓடும் வலை இருக்கிறது. இரண்டு வரியையும் ஒருசேரத் தொட்டால் மண்ணின் தயவு தேவையில்லை. ஆனால் தொய்ந்து இரு வரியும் ஒட்டிக்கொண்டால் முழு வலையும் செத்துவிடும், தினமும் இழுத்துக் கட்டவேண்டும்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஜூல் ஆற்றல் தரும் எனர்ஜைசர் இந்த அளவுக்கு ஏராளம். மின்வெட்டுக்குப் பயந்து பெரும்பாலோர் 12 வோல்ட் பேட்டரிக்குத்தான் போகிறார்கள், அது சரியான முடிவே. சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி தின்னும். ஐந்து நாள் மேகமூட்டத்துக்கு 18. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி, 20 வாட் சூரிய பேனல். பேனல் வடக்கு பார்க்கட்டும். தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தெற்கே திருப்பி வைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. குளிர்காலத்தில் சாய்வு 45 பாகை. பேனலும் பேட்டரியும் திருட்டுப் போகும் பொருள்கள், பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வலையின் பெரிய குறை, அது குட்டியையும் கொல்லும் என்பதே. தலையை மாட்டிக்கொண்ட குட்டிக்கு ஒவ்வொரு விநாடியும் அடி விழுந்துகொண்டே இருக்கும். ஈன்ற முதல் இரண்டு மூன்று நாள் தாயையும் குட்டியையும் கொட்டிலில் வையுங்கள். கொம்புள்ள கிடாயையும் வெள்ளாட்டையும் வலைக்குள் விடவே கூடாது. மெரினோவுக்குக் கம்பளி தடித்திருந்தால் அடி உறைக்காது. ரோமம் வெட்டியபின், பகலில், கண்முன்னே இரண்டு நாள் பழக்குங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, விடியலில் ஒரு சுற்று வந்தே ஆகவேண்டும்.

ஆமைக்கும் இது எமன். வீனன் பக்கத்து முள்காடுகளில் வலையைத் தொட்ட ஆமை பின்வாங்காது. ஓட்டுக்குள் சுருங்கி அங்கேயே கிடந்து சாகும். ஆடுகள் மேயப் போனதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, மறுபடி சூரியன் மறைய அரை மணி முன்பு போட்டால் இந்தச் சாவைத் தவிர்க்கலாம். இதைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை. செத்த ஆட்டில் விஷம் வைக்கும் பழக்கம் இன்னும் மோசம். டிராகன்ஸ்பெர்க் மலையின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக வந்து தின்று கூட்டமாகச் சாகின்றன. பொறி வைக்க நினைப்பவர்கள் முதலில் எஸெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்தில் அனுமதி விவரம் கேளுங்கள்.

மின்னும் விளக்குகளை இதற்கு மாற்றாகச் சொல்வார்கள். சில வாரத்தில் நரி பழகிக்கொள்ளும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கூடுதல் துணையாக மட்டும் உதவும். அனடோலியக் காவல் நாய் நல்லதுதான், ஆனால் குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்த்து ஆளாக்க ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும்.

கிடையை மூன்று நான்கு இரவுக்கொரு முறை மாற்றுங்கள். அதற்கு மேல் போனால் சாணியும் ஈரமும் சேர்ந்து குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். நரியிடம் காப்பாற்றியதை நோய்க்குக் கொடுப்பதில் பயனில்லை. இரும்புக் கடப்பாரையால் குழி போட்டபின் கம்பத்தை இறக்குங்கள். காய்ந்த மண்ணில் காலால் மிதித்தால் கம்பத்தின் அடிமுள் கழன்று வந்துவிடும். மூலைக் கம்பங்களுக்கு இழுவைக் கயிறு கட்டாயம். ஆகஸ்ட் மாதம் மலையிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வலையைப் படுக்கவைத்துவிடும். அந்த மாதத்தில்தான் நரி தன் குட்டிகளுக்கும் சேர்த்து இரை தேடத் தொடங்குகிறது. தாமதமாக ஈனும் ஆடுகள் உள்ளவர்கள் உதிரிக் கம்பம் நான்கும் கவ்வி ஒரு டஜனும் முன்பே வாங்கி வையுங்கள்.